மாதம் தவறாத அக்கறை

"இந்தக் குழந்தைக்கும் இந்தம்மாவுக்கும் ஒட்டுதலே கிடையாதுங்க ஐயா" என்று குழந்தைகள் நல அதிகாரி ஜட்ஜிடம் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது. தழுதழுப்பு அவருக்குக் கைவந்த கலை.

இந்தம்மா என்றது ஒரு தையல்காரியை. பெற்றவர்கள் இல்லாத சிறுமியை மூன்று வருஷமாக வளர்க்கிறவள், இனி நிரந்தரமாகத் தன்னிடமே விட்டுவிடும்படி கேட்டு வந்திருந்தாள். புருஷன் இல்லை, ஒரே அறையில் மெஷினும் அடுப்பும். இவளுக்கெல்லாம் அம்மா ஆகிற ஆசை ஒரு கேடா என்று அதிகாரிக்கு இளக்காரம். ஒரு மாடிவீட்டுத் தம்பதியை அவர் ஏற்கெனவே பேசி வைத்திருந்தார். ஜட்ஜ் கையெழுத்துப் போட்டால் குழந்தை இன்றைக்கே அங்கே போய்விடும்.

"மாசா மாசம் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேங்க. என் மடியில உட்கார்ந்து அழுவா."

குழந்தையைப் பார்க்க வேண்டும் என்றார் ஜட்ஜ். தையல்காரி எழுந்து வாசல் பக்கம் போகப் பார்த்தாள்.

"நீங்க இருங்கம்மா. போனா ஏதாவது சொல்லிக் கொடுத்துடுவீங்க" என்று அவளை மடக்கிவிட்டு அதிகாரியே வெளியே போனார். நேர்த்தியாகத் தைத்த கவுனில் பெஞ்சில் தூங்கி வழிந்த குட்டிப்பெண் ஒருத்தியைத் தாண்டி, சாப்பாட்டுப் பையோடு உட்கார்ந்திருந்த ரெட்டைச் சடைக்காரியை "வா கண்ணு" என்று கைபிடித்து அழைத்து வந்தார். பார்த்த ஜட்ஜுக்கே மனசு இளகியது.

தையல்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்கும்போது பேசினால் போதும் என்று ஜட்ஜ் அதட்டியதும் அடங்கிப்போனாள்.

ஜட்ஜ் குனிந்து கேட்டார். "இந்த அம்மாவை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

அதிகாரி பூரித்துப்போனார். மூன்று வருஷம் சோறு போட்டவளையே தெரியவில்லை என்றால் என்ன பாடு பட்டிருக்கும் இந்தப் பிஞ்சு என்று உருகினார். தையல்காரியின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டார்.

ஜட்ஜ் பேனாவைத் திறந்தார். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். "பயப்படாம சொல்லும்மா. உனக்கு யார்கூட இருக்கணும்னு ஆசை?"

சிறுமி சாப்பாட்டுப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்கம்மாகூட. பக்கத்து கோர்ட்டுல டைப் அடிக்கிறாங்க, அவங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன். இந்த மாமாவையும் எனக்குத் தெரியாது."