டிஸ்க்கில் இடமில்லை

“அவன் குப்பை இன்னுமா இங்க இருக்கு? எல்லாத்தையும் அழிச்சுத் தள்ளும்மா” என்றார் மேனேஜர்.

நேற்று வேலைக்குச் சேர்ந்த இன்ஜினீயர் பெண் சர்வர் முன்னால் கையைப் பிசைந்தாள். “சார், நெட்வொர்க்கைக் கண்காணிக்கிற சாஃப்ட்வேர் சின்னதுதான், ரெண்டு ஜிபி போதும். எந்த லைன் எப்ப விழுந்துச்சுன்னு அது தினமும் எழுதி வைக்குமே, அதுக்குத்தான் இடம் வேணும். கணக்குப் போட்டா நூறு ஜிபி வருது. டிஸ்க்ல அஞ்சுதான் மிச்சம். மத்ததெல்லாம் அவரோட ஒரே ஃபோல்டர்.”

அவர் என்றால் மேனேஜரின் மச்சினன். இவளுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவன். மூன்று வருஷம் சம்பளம் வாங்கினான், ஆபீஸில் நெட் படுத்துக்கொள்வது மட்டும் நிற்கவில்லை. என்னடா என்று கேட்டால், “முதல்ல நான் தினமும் அனுப்புற மெயிலைத் திறந்து பாருங்க மாமா” என்று எல்லார் முன்னாலும் எதிர்த்துப் பேசினான். அன்றைக்கே மேனேஜர் அவன் சீட்டைக் கிழித்துவிட்டார். அதிலிருந்து வீட்டில் மனைவி தட்டை வைக்கிற சத்தம்தான் கேட்கிறது, பேச்சுச் சத்தம் இல்லை.

அவனை நீக்கியது நியாயமா என்று விசாரிக்க இன்று தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். அவன் மூன்று வருஷமாகப் போடாத சாஃப்ட்வேரை இந்தப் பெண் ஒரே நாளில் போட்டுவிட்டாள் என்று காட்டினால்தான் மேனேஜரின் நாற்காலி தப்பும்.

“திறந்து பார்த்துட்டு அழிக்கட்டுமா சார்?”

“அதுல என்ன இருக்கப் போகுது? அவ்வளவும் சினிமா. ஆபீஸ் நேரத்துல இறக்கி அடைச்சு வச்சிருக்கான். நெட் ஏன் படுக்காது?”

“ஒரு காப்பியாவது…”

“ஒண்ணும் வேணாம்!”

அழித்தாள். காலி இடம் கிடுகிடுவென்று ஏறியதைப் பார்த்து மேனேஜருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதிகாரியும் உள்ளே வந்தார்.

“வாங்க சார், வாங்க! டிஸ்க் பூராவும் என் மச்சினன் சினிமாவா ரொப்பி வச்சிருந்தான். இப்பதான் துடைச்சோம். உங்க கண் முன்னாலயே சாஃப்ட்வேரைப் போடறோம், பாருங்க.”

அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெண் பட்டனைத் தட்டினாள். திரையில் ஒரு பெட்டி வந்து நின்றது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள்.

“என்னம்மா, இன்னும் இடம் பத்தலையா?”

“இடம் தாராளமா இருக்கு சார்” என்றாள். “ஆனா இதே சாஃப்ட்வேர் மூணு வருஷமா இதுல ஓடிக்கிட்டுதான் இருக்காம்.”

அதிகாரி திரைப் பக்கம் குனிந்தார். “அப்ப, இப்ப அழிச்சது?”

“அது எழுதி வச்ச ரெக்கார்டு சார்.”