பஞ்சு வந்த கதை

ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தன. பஞ்சு, காசு கொடுத்து வாங்கிய பெர்ஷியன் பூனை. மொட்டைவாலி தெருப்பூனை.

"என் விலை நாற்பதாயிரம். வர்றவங்ககிட்ட எல்லாம் அம்மா சொல்லுவாங்க," என்றது பஞ்சு. "உன் விலை என்ன?"

"எனக்கு ஏது விலை? மழையில நனைஞ்சு ஸ்கூட்டருக்கு அடியில கிடந்தேனாம். தூக்க வந்த கையைப் பிறாண்டிட்டேனாம். அந்தத் தழும்பைக் காட்டிக் காட்டிச் சிரிப்பாங்க."

சாயங்காலம் விருந்தாளி வந்தாள். அம்மா பஞ்சுவின் விலையைச் சொன்னாள். "அடேயப்பா!" என்றாள் வந்தவள். அத்தோடு பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. தன்னைப் பற்றி அம்மா இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பஞ்சு காதை நிமிர்த்தியபடியே இருந்தது.

மொட்டைவாலி மெல்ல வந்து அதை ஒட்டிப் படுத்தது.

"நீ வந்த அன்னைக்குக் கூடையை விட்டு இறங்க மாட்டேன்னு ஒரே அழுகை. நான்தான் உள்ளே வந்து உன்கூடப் படுத்தேன். சொல்றேன், கேளு."