பச்சையாக ஒளிர்ந்த ஈக்கள்

தன் ஈக் குப்பிகளில் ஒட்டியிருந்த லேபிள்களை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்பது தினேஷ்குமாருக்கு உறுதியாகிவிட்டது. கையெழுத்து அவனுடையது போலவே இருந்தது. மை மட்டும் வேறு.

கொல்கத்தா நியூ டவுன் ஆய்வுக்கூடத்தில் அவன் மூன்று வருடமாக உருவாக்கிவரும் புரதம், பழ ஈயின் மூளையில் ஒட்டிக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் பச்சையாக ஒளிரும் என்றது அவனுடைய கட்டுரை. அது அடுத்த வாரம் அறிவியல் பத்திரிகைக்குப் போகிறது. இந்த நேரத்தில் யார் கைவைத்தது?

சந்தேகம் பக்கத்து மேஜை மௌமிதா மேல்தான். "இன்னைக்கும் ஒளிர்ந்ததா, தினேஷ்தா?" என்று, வங்காளிகள் அண்ணனுக்குச் சொல்லும் 'தா' சேர்த்து, தினமும் விசாரிக்கிறாள். நேற்று அவனுடைய அலமாரிப் பக்கம் நின்றவள், அவனைக் கண்டதும் நழுவினாள்.

நேரே ஆய்வுத் தலைவி பாகீரதியின் அறைக்குப் போனான்.

"மேடம், மௌமிதா என் ஈக்களை மாத்தி வைக்கிறா. என் வேலையைக் கெடுக்கப் பார்க்கிறா."

"தெரியும். நான்தான் மாத்தச் சொன்னேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் மேடம்?"

"உங்க சோதனை ஒண்ணுகூடத் தப்பாம வந்தது. அதான் உறுத்துச்சு." பாகீரதி அவனுடைய நோட்டைத் திறந்து அவன் பக்கம் திருப்பினார். "மூணு வாரமா உங்க குப்பி எதுலயும் அந்தப் புரதமே கிடையாது, தினேஷ். எல்லாம் சாதாரண ஈ. ஆனா தினமும் 'ஒளிர்ந்தது'ன்னு எழுதியிருக்கீங்க. கடைசியா எப்போ மைக்ரோஸ்கோப்ல பார்த்தீங்க?"

தினேஷ்குமார் நோட்டை மூடி வைத்தான்.

"முதல் வருஷம் மேடம்," என்றான். "அப்போ ஒண்ணும் ஒளிரலை."