முறை வராத அடி

பவுல்ராஜின் உள்ளங்கையில் பகடை உருண்டுகொண்டிருந்தது. ஆட்டத்தில் அவன்தான் பூதம்.

பக்கத்துக் கட்டத்தில் அன்னாமேரியின் ஈயப் பொம்மை. இன்னும் ஓர் அடி விழுந்தால் அது காலி.

பிரான்சுப் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த கில்பர்ட் கொண்டுவந்த ஆட்டம். என்ன செய்யப்போகிறோம் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் பொம்மையை நகர்த்த வேண்டும். சட்டமெல்லாம் தடித்த பிரெஞ்சுப் புத்தகத்தில் இருந்தது. அவன் படித்துத் தமிழில் சொல்வான்.

அன்னாமேரி அவன் தங்கச்சி. தாய்வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். அவள் புருஷன் பவுல்ராஜ், நாலு மணி திருக்கனூர் பஸ்ஸில் அவளை அழைத்துப்போக வந்திருந்தான். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நான் பக்கத்து வீடு. மூட்டை தூக்குகிறவன். ஞாயிறு மதியம் என்றால் தூங்கிவிடுவேன். அன்று ஆட்டத்தின் ஒரு சட்டம் தூங்கவிடவில்லை. வயசான பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். எழுதி வைத்தது எதையும் லேசில் விடமாட்டேன்.

"பக்கத்துல நிக்கிற எதிரியை விட்டு விலகுனா, முறை வராட்டியும் அவனுக்கு ஓர் அடி உண்டு" என்றான் கில்பர்ட்.

"தண்ணி குடிக்கப் போனா?" என்று கேட்டேன்.

"பூதம் நிக்கிற எடத்துல இன்னாண்ணே தண்ணி? அதுக்கும் அடிதான்."

பவுல்ராஜ் சிரித்தான். "நல்ல சட்டம் மச்சான்."

அன்னாமேரி பொம்மையின் தலையில் விரலை வைத்தாள். "போயிட்டு வரேன்" என்றாள்.

"பூதத்துக்கிட்டயா சொல்ற?" கில்பர்ட்டுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சொல்லிட்டுத்தானே கெளம்புறேன். அதுக்குமா அடி?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஓடுகிறவனை அடிக்கலாம். சொல்லிக்கொண்டு போகிறவர்களை எந்த ஊரில் அடிப்பார்கள்? "புத்தகத்தைப் பாருப்பா" என்றேன்.

கில்பர்ட் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். அந்த நாட்டில் எழுதியவனுக்கு இப்படி ஒரு சந்தேகமே வந்திருக்கவில்லை.

"அடிக்கலாம்னுதான் இருக்கு. அடிச்சே ஆகணும்னு இல்ல. பூதத்தோட இஷ்டம்."

எல்லோரும் பவுல்ராஜைப் பார்த்தோம்.

"சொல்லிட்டுப் போறவளை நான் இன்னாத்துக்கு அடிக்கப்போறேன்?" என்றான், பெரிய மனசோடு.

அன்னாமேரி நிமிர்ந்தாள்.

"அன்னைக்கும் அம்மாவைப் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டுத்தானே கெளம்புனேன்."

பகடை உருளுவது நின்றது.

கில்பர்ட் புத்தகத்தை மூடினான்.

கோயில் பக்கமிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பவுல்ராஜ் பகடையை உருட்டாமல் அட்டைமேல் வைத்தான். எழுந்து பையை எடுத்தான். வேறு யாராவது எழுகிறார்களா என்று வாசற்படியில் நின்று பார்த்தான்.

"போயிட்டு வரேன்" என்றான்.

அப்போதும் எனக்குள் அந்தச் சட்டம்தான் ஓடியது. விலகிப் போவது இப்போது பூதம். அப்படியென்றால் இந்த அடி அன்னாமேரியுடையது.

"போயிட்டு வாப்பா" என்று பழக்கத்தில் நான் சொல்லிவிட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்னாமேரி பகடையை எடுத்தாள். டப்பாவில் போட்டு மூடினாள்.