கேலிக்கு அடித்த விசில்

"படம் நையாண்டின்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்கண்ணே."

ரசிகர் மன்றத் தலைவர் குணசீலனிடம் இதைக் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். செவ்வாய்க் கிரகப் போர்ப் படத்தில் என் தம்பி இளவழகன் கேலிக்கு விசிலடித்தான். அந்த விசிலைப் படையில் சேரச் சம்மதம் என்று தியேட்டர் இருக்கை பதிந்துகொண்டது. நாளை அனுப்புகிறார்கள். அது நையாண்டிப் படம்தான் என்று படம் பார்த்த ஒருவர் கையெழுத்திட்டால் விடுவார்கள். ஆனால் கையெழுத்திட்டவருக்கு அரசு வேலை கிடையாது.

"தேசபக்திப் படத்தையா நையாண்டிங்கிற? படிச்ச திமிரு!"

"குண்டு விழுறப்ப கொடிக்கு இஸ்திரி போடுறான் உங்க தளபதி. சிரிக்காம?"

"எனக்கு அழுகை வந்துச்சும்மா."

"உங்க பையன் விசிலடிச்சானா?"

"அவன் வாயைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனேன்."

நானும் படம் பார்த்தவள்தான்; திங்கட்கிழமை சேரவேண்டிய என் அரசுப் பள்ளி ஆசிரியர் வேலை போகட்டும். நானே கையெழுத்துப் போட ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு நடந்தேன்.