மிச்ச உடம்புக்கு மட்டும்
கவுன்ட்டர் கண்ணாடியில் வெள்ளை விளக்கு விழுந்து கண் கூசுகிறது. ஜவுளிக்கடையை விற்றுவிட்டு, ஒரே மகள் வாழும் இந்த நாட்டிலேயே தங்கிவிட வந்த பெரியவர், மனைவியின் மருத்துவ அறிக்கையைப் பட்டுத்துணி விரிப்பதுபோல விரித்து வைக்கிறார். "அம்மாவுக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆகியிருக்கு சார். இன்சூரன்ஸ் தர முடியாது. அது இல்லாம ஓய்வுக்கால விசாவும் கிடைக்காது," என்கிறாள் கவுன்ட்டர் பெண். மூன்று கம்பெனிகள் ஏற்கெனவே சொன்ன பதில்தான்; இதுதான் கடைசிக் கம்பெனி. "ஹார்ட்டை விட்டுரும்மா. மிச்ச உடம்புக்கு மட்டும் போட்டுக் குடு," என்கிறார் அவர். "நல்லா இருக்கு! என்னையும் கட்பீஸாக்கிட்டாரு," என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி சிரிக்கிறாள். கவுன்ட்டர் பெண்ணுக்கும் சிரிப்பு வருகிறது; ஆனாலும் தலையாட்டி மறுக்கிறாள். "சரி, கெளம்பு. வேற கடை பாத்துக்கலாம்," என்று பெரியவர் உரக்கச் சொல்லி எழுகிறார். விலை படியாமல் எழுந்து போகிறவரைத் திருப்பிக் கூப்பிடாத கடைக்காரனை அவர் இதுவரை கண்டதில்லை. அதனால் காகிதங்களை ஒவ்வொன்றாக மடிக்கிறார், செருப்பைத் தேய்த்து மெல்ல நடக்கிறார், கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார். பின்னால் கம்ப்யூட்டர் தட்டும் சத்தம் கேட்கிறது. பிறகு அந்தப் பெண் அடுத்த டோக்கனைக் கூப்பிடுகிறாள். மனைவி அவர் கைமேல் தன் கையை வைத்துக் கதவைத் தள்ளுகிறாள்.