மூன்றாம் நம்பர் ஜன்னல்

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே யசோதினி ஷோர்ட் லீவில் கோயிலுக்குக் கிளம்பிவிட்டாள். பிறப்பு, இறப்புப் பதியும் அரசாங்கக் கந்தோரில் கடைசி ஆளையும் அனுப்பிவிட்டு, அவளோடு வேலை செய்யும் சஞ்சீவனி ஓடி வந்தபோது பூசை முடிந்திருந்தது.

"இன்னைக்கும் பிந்திட்டீங்களா அக்கா? தேவாரம் நான்தான் பாடினேன்," என்றாள் யசோதினி, நெற்றி நிறையத் திருநீறோடு.

சஞ்சீவனிக்கு வயிறு எரிந்தது. வரிசையில் ஆள் நிற்க எழும்ப மனம் வராத தன்னைவிட, சாமிக்கும் இவளைத்தான் பிடிக்கும் போல.

அப்போது ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருத்தி அருச்சனைத் தட்டை நீட்டினாள்.

"யார் பேருக்கும்மா?" என்றார் குருக்கள்.

"பேர் தெரியாதுங்க சாமி. கந்தோர்ல மூணாம் நம்பர் ஜன்னல்ல இருந்த அம்மாவுக்கு. மகளோட பிறப்புப் பத்திரத்தை அலுமாரி அலுமாரியாத் தேடி எடுத்துக் கொடுத்தாங்க."

"அது என் ஜன்னல்தான்!" யசோதினி பூரித்துப்போய் முன்னால் வந்தாள். சஞ்சீவனியின் வயிற்றில் இன்னொரு கொள்ளி விழுந்தது.

அந்தப் பெண் யசோதினியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க இல்லீங்க. நீங்க பையை எடுத்துக்கிட்டுப் போன பொறகு, உங்க கதிரையில வந்து உக்காந்தாங்களே... இந்தா, இவங்கதான்!"

குருக்கள் சஞ்சீவனியின் பக்கம் திரும்பினார். "நட்சத்திரம் சொல்லுங்கம்மா."

சொல்ல வாயெடுத்தவள், பக்கத்தில் நின்ற யசோதினியின் கறுத்துப்போன முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.